உண்டியும் உள்ளமும்

(போடிமெட்டு மலைச்சாரல் திருக்கோயில் குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்று மாலை போடியிலிருந்து புறப்பட்டுப் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து ஈண்டு வந்து சேர்ந்தபோது, மூடுபனியின் நடுவே கோபுரக் கலசம் ஒன்றே கண்ணுக்குத் தெரிந்தது. கீழே விட்டு வந்த ஊரும் தெரியவில்லை. மேலே நிற்கும் மலையும் தெரியவில்லை. ஏலத்தின் மணம் மட்டும் எங்கும் நிறைந்திருந்தது. விழாக் குழுவினர் அழைப்பிதழில் எனக்கு 'ஆலய வழிபாட்டின் மாண்பு' என்னும் தலைப்பை அச்சிட்டிருக்கின்றனர். அத்தலைப்பில் ஐம்பது ஆண்டுகளாகப் பேசி வருகின்றேன். உங்களுள் பலர் அதனை என் வாயிலாகவே இருமுறை கேட்டிருப்பீர்கள். நேற்றிரவு அன்பர்கள் என்னைத் திருக்கோயிலின் பின்புறம் அழைத்துச் சென்று, புதிதாக எழுப்பப்பெற்ற அன்னதானக் கூடத்தையும் மடைப்பள்ளியையும் காட்டினர். புதிய அடுப்புகளில் இன்னும் கரி படியவில்லை. அவ்வடுப்பங்கரையில் நின்றபோதே என் தலைப்பு மாறிவிட்டது. உண்டிக்கும் உள்ளத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். குழுவினர் பொறுத்தருள்க.

முதற்கண் என் குறையைச் சொல்லிவிடுகின்றேன். எனக்கு அகவை எழுபத்தாறு. சிறுவயதிலேயே திருமடத்திற் சேர்ந்து, ஓதுவாமூர்த்திகள் சொல்லச் சொல்ல, ஏட்டைப் பாராமலே பதிகங்களை நெஞ்சிற் பதித்துக் கொண்டவன் யான். மறதி என்பதை அறியாதவன் என்று ஒரு செருக்கும் எனக்கு உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊரின் திருவிழா மேடையில், எண்ணிறந்த முறை ஓதிய ஒரு பதிகத்தின் நான்காம் பாட்டு என் நாவில் வரவில்லை. மூன்றாம் பாட்டு முடிந்தது. அடுத்து வெறும் வெளியாக இருந்தது. அவையோர் யான் உருகி நிற்பதாக எண்ணிக் கைகூப்பினர். யான் உருகவில்லை, விழித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் ஓராண்டு எவ்வாறு கழிந்தது என்பதைச் சொல்ல நாணுகின்றேன். பூசையில் அமர்வேன்; கை மலரிடும்; மனம் எங்கும் செல்லாது, எதிலும் நில்லாது. பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினால், 'சரி, இறங்கு' என்பேன். முதுமை என்றனர் வீட்டார். மனைவியை இழந்த துயரம் என்றனர் நண்பர். யானோ இஃது ஆணவ மலத்தின் மறைப்பு, இப்பிறவியில் இனித் திருவருள் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். இவற்றோடு உள்ளங்கால்களில் எறும்பு ஊர்வதுபோல ஓர் உணர்வும் இருந்தது. அதனை யாரிடமும் சொல்லத் தகுந்ததாகக் கருதவில்லை.

பின்னர் ஓர் இளம் மருத்துவரிடம் என் மகன் அழைத்துச் சென்றான். அவர் என் நாடியைக் காட்டிலும் என் இலையைப் பற்றியே மிகுதியாக வினவினார். "ஐயா, பால் அருந்துவீர்களா?" என்றார். "சளி பிடிக்கும் என்று எழுபதாம் வயதிலேயே நிறுத்திவிட்டேன்" என்றேன். "தயிர்?" "அதுவும் அன்றே." காலையிற் கஞ்சியும் கீரையும், இரவில் இரண்டு இட்டலி, இவ்வளவே என் உணவு. அதனை ஒரு தவமாகவே எண்ணிச் செம்மாந்திருந்தேன். நீரிழிவுக்காக மெட்பார்மின் என்னும் மாத்திரையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக உட்கொண்டு வந்ததையும் சொன்னேன். அவர் குருதியை ஆய்வுக்கு அனுப்பினார். பி-12 என்னும் உயிர்ச்சத்து, இருக்க வேண்டிய அளவில் மிகச் சிறு பங்கே என் உடலில் இருந்தது. ஊசிமருந்து தொடங்கினர், பாலும் தயிரும் இலைக்கு மீண்டன. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, திருநீறு அணிந்துகொண்டிருக்கையில், அந்த நான்காம் பாட்டு யான் அழையாமலே வந்தது. கால்களின் மரமரப்பு இன்றுவரை முழுதும் நீங்கவில்லை. காலந்தாழ்த்தி வந்தால் நரம்பு முழுதும் தேறாது என்று மருத்துவர் அப்போதே சொல்லியிருந்தார்.

அந்த விடியல் எனக்கு மகிழ்ச்சியோடு ஓர் இடரையும் தந்தது. ஓர் ஊசிமருந்தினால் பத்தி மீளுமாயின், பத்தி என்பதுதான் யாது? யான் ஐம்பது ஆண்டுகளாகத் திருவருள் என்று பேசியது, குருதியில் மிதக்கும் ஒரு செம்பொருளின் செயலோ? செம்பொருள் என்று சொல்லின் நயத்துக்காகச் சொல்லவில்லை. அந்த மருந்து உண்மையாகவே செந்நிறமுடையது.

இவ்வினாவுக்கு விடை, யான் இளமையிற் பாடம் கேட்ட சிவஞானபோதத்திலேயே இருந்தது. நான்காம் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் உயிர் அல்ல என்று தெளிவாக வேறுபடுத்துகின்றார். அமைச்சரோடு கூடி அரசன் ஆளுவதுபோல உயிர் அவற்றோடு கூடி நிற்பது என்று உவமையும் காட்டுகின்றார். அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள், சடப்பொருள்கள், முப்பத்தாறு தத்துவங்களுள் ஆன்ம தத்துவம் இருபத்து நான்கினுள் அடங்குவன. சடப்பொருள் சடப்பொருளால் வளரும்; அதனால் தேயும். அமைச்சன் பசியால் வாடிக் கிடந்தால் அரசன் ஆணை ஊருக்குச் சென்று சேராது. அதனால் அரசன் இறந்துவிட்டான் என்பது பொருளாகுமா? மனம் உணவால் மாறுகின்றது என்பதைக் கேட்டு, மூளையே உயிர் என்பாரும் உளர். அஞ்சி, உணவுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்று மறுப்பாரும் உளர். சித்தாந்தம் பயின்றவனுக்கு இரண்டும் வேண்டா. பாடம் கேட்ட நாளில் அந்த உவமையைத் தேர்வுக்காகப் படித்தேன்; அதன் பொருள் எழுபத்திரண்டாம் வயதில் விளங்கியது.

நிற்க. இத்தொடர்பை ஆய்ந்து பார்த்த மிகப் பழைய செய்தி ஒன்று சாந்தோக்கிய உபநிடதத்தில் உள்ளது. உத்தாலகர் என்னும் தந்தை தம் மகன் சுவேதகேதுவுக்கு, உண்ட உணவின் நுண்ணிய பகுதியே மனமாகின்றது என்று உபதேசிக்கின்றார். மகன் நம்பினானோ இல்லையோ. தந்தை அவனைப் பதினைந்து நாள் உண்ணாதிருக்கச் சொல்கின்றார். நீர் மட்டும் அருந்தலாம். பதினாறாம் நாள் அழைத்து, கற்ற வேதத்தைச் சொல் என்கின்றார். ஒன்றும் தோன்றவில்லை என்கின்றான் பிள்ளை. பெருந்தீயில் மின்மினி அளவான ஒரு தணல் எஞ்சியது போல் உன் மனத்தின் பதினாறு கூற்றில் ஒன்றே எஞ்சியுள்ளது, போய் உண்டு வா என்கின்றார் தந்தை. உண்டு வந்தான், கேட்டதெல்லாம் சொன்னான். இங்கே தந்தை வாதம் செய்யவில்லை, நூல் காட்டவில்லை, செய்து காட்டினார். இதனை முன்னரும் பலமுறை பாடம் சொல்லியிருக்கின்றேன். அப்பிள்ளையின் திகைப்பு என்னுடையதாகும் என்று நினைத்ததில்லை.

இதே ஆய்வு நம் காலத்திலும் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் முப்பத்தாறு பேரை, அவர்கள் இசைவோடு, இருபத்து நான்கு வாரம் அரைவயிற்று உணவில் வைத்தார். அவர்கள் உடல் நலமும் மன உறுதியும் உடையவர் என்று ஆராய்ந்தே தேர்ந்தெடுக்கப் பெற்றவர்கள். வாரங்கள் செல்லச் செல்ல, அவர்கள் சோர்ந்தனர். சிறு சொல்லுக்கும் சினந்தனர். நட்பையும் நகையையும் துறந்தனர். உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்க இயலாதவர் ஆயினர். சிலர் சமையல் நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர்! கொள்கைக்காகச் சிறையையும் ஏற்கத் துணிந்த அவ்விளைஞர்களே அவ்வாறு ஆனார்கள் என்றால், பரம்பரையாய் அரைவயிற்றோடு இருப்பவரைப் பார்த்து 'இவர் முகத்தில் களையே இல்லை, நல்ல சொல்லே இவர் வாயில் வராது' என்று நாம் சொல்வது எத்துணைக் கொடுமை!

விரதம் தீது என்கின்றாரோ இவர் என்று ஐயுற வேண்டா. மாதத்தில் இருநாள் பிரதோடம், சோமவாரம் என்று நோற்பது வேறு. ஆண்டுக்கணக்கில் ஒரு சத்தே இலையில் இல்லாதிருப்பது வேறு. முன்னது நாம் அறிந்து செய்வது. பின்னது நம்மை அறியாமலே நிகழ்வது.

இனி, உண்டது உள்ளமாவது எங்ஙனம் என்பதனை மருத்துவ நூலார் கூறும் வகையிற் சுருங்கச் சொல்லுவேன். மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்ளுகின்றது. அதனுள் உள்ள நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குச் சில தூதுப் பொருள்களைப் பயன்படுத்துகின்றன. மன அமைதிக்கும் உறக்கத்துக்கும் தொடர்புடைய செரட்டோனின் அவற்றுள் ஒன்று. ஊக்கத்துக்கும் முயற்சிக்கும் தொடர்புடைய டோப்பமின் மற்றொன்று. முன்னதற்கு மூலப்பொருள் டிரிப்டோபன். பின்னதற்கு மூலப்பொருள் டைரோசின். இரண்டும் பருப்பு, பால், நிலக்கடலை முதலியவற்றிலுள்ள புரதத்திலிருந்து கிடைப்பன. ஆயின் மூலப்பொருள் இருந்தால் மட்டும் போதாது. தட்டான் பட்டறையிற் பொன் இருந்தும், உமியோட்டில் நெருப்பும் ஊதுகுழலும் இல்லையேல் தாலி உருவாகாது. அந்நெருப்பும் ஊதுகுழலும் போல இருப்பவை இரும்புச் சத்தும் பி-6 முதலிய உயிர்ச்சத்துகளும். நரம்பின் மேலுறை சிதையாமல் காப்பதற்கும், மூளையில் நிகழும் இரசாயன மாற்றங்கள் பலவற்றிற்கும் பி-12 வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வாழைப்பழத்தில் செரட்டோனின் உள்ளது, ஆகவே பழம் உண்டால் கவலை போம் என்று சிலர் எழுதுகின்றனர். பழத்திலுள்ள செரட்டோனின் குருதியிலிருந்து மூளைக்குள் நுழையாது. அங்கே ஒரு காவல் உண்டு. மூளை தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக் கொள்ளும். அதற்கு வேண்டிய அரிசி பருப்பை அனுப்புவதே நம் வேலை. இம்மலையின் ஏலத்தைப் பற்றியும் அவ்வாறு பல சொல்லுகின்றனர். நறுமணம் நெஞ்சுக்கு இதம் என்பதை யானும் உணர்கின்றேன். பொங்கலில் ஏலம் இல்லையேல் எனக்கும் இறங்காது. ஆனால் மணம் மணந்தான். பருப்பின் வேலையை அது செய்யாது.

நம் தமிழ்நாட்டிலேயே மற்றொரு மலையில் நிகழ்ந்த செய்தியொன்றைக் கேளுங்கள். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், பாசுடர் நிலையத்தைச் சார்ந்த சிறு இடத்தில், பெரிபெரி என்னும் நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியே உண்பாரைப் பற்றும் நோய் அது. அச்சிறு ஆய்வகமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகின்றது. மெக்காரிசன் இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் முளைகட்டிய பயறும் காய்களும் கொண்ட பஞ்சாப்பு உணவை உண்டவை செழித்தன. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை மிகவும் தாழ்ந்து நின்றன. இதைக் கேட்டு வருந்துவார் வருந்துக; யானும் வருந்தினேன்.

வேறொரு கூட்டத்துக்கு, இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ணும் வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை மிக்க தேநீர், வேகவைத்த முட்டைக்கோசு, தகரத்தில் அடைத்த மலிவுப் பண்டங்கள் ஆகியவற்றை அளித்தார். அவை வளர்ச்சி குன்றின. அதனினும் வியப்பு, அவற்றின் குணம் மாறியது. வளர்க்கும் பணியாளரைக் கடித்தன. ஒன்றோடொன்று இணங்கி வாழவில்லை. அறுபதாம் நாள் அளவில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. 1936-இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அவரே இதனைச் சொன்னார். எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதனுக்கு அப்படியே நேரும் என்று யான் சொல்லமாட்டேன். ஆயினும் வெள்ளை ரொட்டியும் சர்க்கரைத் தேநீரும் என்ற சொற்களைப் படித்தபோது, இச்சாலையோரக் கடைகள் என் கண்முன் வந்தன.

ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் மகளிரை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். இருள் பிரியுமுன் போடியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, இந்த மெட்டைக் கடந்து பூப்பாறைப் பக்கம் செல்லுகின்றனர். சென்ற ஆண்டு இச்சாரலில் ஒரு கதைத்தொடர் சொல்ல வந்திருந்தபோது, அவ்வம்மையாருள் ஒருவர் திருநீறு பெற வந்து, "ஐயா, சாமி கும்பிடக்கூட மனசு எந்திரிக்க மாட்டேங்குது, எதுக்கெடுத்தாலும் பிள்ளைகளை அடிச்சிடுறேன். ஏதாச்சும் பதிகம் சொல்லுங்க" என்று கேட்டார். முன்னை நாளாயின் உடனே ஒரு பதிகம் சொல்லியிருப்பேன். அன்று, "அம்மா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். அவர் வியந்து பார்த்தார். விடியலில் ஒரு கட்டன்சாயா. வழியில் ஒரு பன்னும் மீண்டும் ஒரு சாயாவும். நண்பகலில் தூக்குவாளியிற் கொண்டுசென்ற சோறும் இரசமும், உடனே மற்றொரு சாயா. பருப்பு வீட்டில் ஆடவருக்கும் பிள்ளைகளுக்கும் போக மிஞ்சினால் உண்டு.

தேநீரை யான் பழிக்கவில்லை. இக்குளிரில் அது துணை. தேயிலையின் காஃபீன் சோர்வை அறிவிக்கும் பொருளின் வாயிலை அடைத்துவிடுவதால் சிறிது நேரம் களைப்புத் தோன்றாது; களைப்பு நீங்கியது என்பது அதன் பொருளன்று. மற்றொன்றும் உண்டு. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாமற் செய்யும். சோற்றோடு தேநீர் அருந்துவோர் உண்ட இரும்பையும் இழக்கின்றனர். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் இவ்விழப்பு பெரிதும் குறையும். இலையில் ஓர் எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்கு சேரும். 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது அகவையுள்ள மகளிருள் நூற்றுக்கு ஐம்பத்து மூவர் குருதிச்சோகை உடையவர். இரும்பு குறைந்தால் முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும் என்பதை அறிவோம். செரட்டோனினும் டோப்பமினும் உருவாகும் பட்டறையிலும் அது வேண்டும் என்பதை முன்னரே சொன்னேன். அவ்வம்மையார் பிள்ளைகளை அடித்ததற்கு இஃது ஒன்றே காரணம் என்று யார் சொல்ல வல்லார்? ஆனால் குருதி ஆய்வுக்குச் செல்லுமாறு சொன்னேன், பதிகமும் சொன்னேன்.

இனிச் சைவராகிய நம்மையே நேரே தொடும் செய்திக்கு வருகின்றேன். இதனைச் சொல்லவே இம்மேடையில் நிற்கின்றேன்.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜாதவ், வெப், பேக்கர் முதலிய மருத்துவர்கள் 1962-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆறு கைக்குழந்தைகளைப் பற்றியது அது. ஓராண்டு நிரம்பாத அக்குழந்தைகள் தாய்ப்பால் உண்டு நன்றாகவே வளர்ந்து வந்தவை. பின் படிப்படியாகச் சோர்ந்தன, சுற்றத்தார் முகம் நோக்குவதில் விருப்பம் இழந்தன, கற்றுக்கொண்ட செயல்களை மறந்தன, கைகால்கள் தாமாகவே அசைந்தன, தோல் கறுத்தது. காரணம் தேடிய மருத்துவர்கள் கண்டது பி-12 குறைவு. தாய்மார்கள் புலால் உண்ணாதவர். தாயின் உடலில் அச்சத்து இல்லை. ஆகவே தாய்ப்பாலிலும் இல்லை. மருந்து அளித்ததும் குழந்தைகள் விரைவில் தெளிந்தன. தாயின் இலையில் இல்லாதது பிள்ளையின் முகமலர்ச்சியில் இல்லாமற் போயிற்று, அன்பர்களே. குழந்தைக்கு வினைப்பயன் என்று யாரேனும் அன்று சொல்லியிருப்பாராயின், அச்சொல் ஒரு சிறு மருந்துப் புட்டியின் முன் நின்றிருக்குமா?

பி-12 என்பதன் இயல்பு சிறிது விந்தையானது. அதனைச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே செய்கின்றன. ஆவின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர் செய்வது பாலில் வருகின்றது. கீரையில் இல்லை, பருப்பில் இல்லை, அரிசியில் இல்லை. புலால் மறுத்த நமக்கு வழி பாலும் தயிரும் மோருமே. நாளொன்றுக்கு வேண்டும் அளவு இரண்டு மைக்ரோ கிராமுக்குச் சற்று மேல். ஒரு பெரிய குவளைப் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோ கிராம் உண்டு. காப்பியில் கலக்கும் இரண்டு கரண்டிப் பால் கணக்கில் வாராது. முதுமையில் இரைப்பையின் அமிலம் குறைவதால் உண்டதும் முழுதாகச் சேராது. நெஞ்செரிச்சல் மாத்திரை நெடுநாள் உண்பார்க்கும், என்போல் மெட்பார்மின் உண்பார்க்கும் அவ்வாறே. இத்தகையோர் மருத்துவரிடம் சொல்லிக் குருதியை ஆய்ந்து பார்க்க வேண்டும்.

ஒரு பெரியவர், "மருந்து எதிலிருந்து செய்ததோ? சைவன் அதனைக் கொள்ளலாமோ?" என்று என்னிடம் தனியே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். யானும் முதலிற் கேட்டேன். இன்று அம்மருந்து தொட்டிகளில் வளர்க்கும் நுண்ணுயிர்களைக் கொண்டே செய்யப்பெறுகின்றது. தயிர் உறைவதும் நுண்ணுயிரால் தானே? மேலுறை எதனால் ஆனது என்று ஐயுறுவார் ஊசியாகவோ உறையில்லா மாத்திரையாகவோ கொள்ளலாம்.

இதனால் புலால் மறுத்தல் பிழை என்று முடிவு செய்வாரும் உளர். என் சிற்றறிவுக்கு அது பொருந்தவில்லை. புலான்மறுத்தல் என்னும் அதிகாரத்தையும் மருந்து என்னும் அதிகாரத்தையும் பாடியவர் ஒரே வள்ளுவர். முன்னதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் பின்னதை நாம் மூடி வைத்தோம். அதற்குக் கூலியாக என் நான்காம் பாட்டைக் கொடுத்தேன்.

உணவு ஒன்றே உள்ளத்தை ஆக்கும் என்று யான் சொன்னதாகப் போய்ச் சொல்லாதீர்கள். கடனும் பிரிவும் அச்சமும் உள்ளத்தை அழுத்துவன. அவற்றுக்குத் தயிர் மருந்தாகாது. மனநோய்க்கு மருந்து உண்பார் என் பேச்சைக் கேட்டு ஒருவேளை மருந்தையும் நிறுத்தலாகாது. ஆத்திரேலியாவில் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடுமையான மனச்சோர்வுடைய அறுபத்தேழு பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குக் காய், பழம், பயறு, முழுத்தானியம், மீன் முதலியன மிக்க உணவுக்குப் பன்னிரண்டு வாரம் வழிகாட்டினர். மறுசாராரோடு அன்பாக உரையாடி மட்டும் வந்தனர். முன்னவருள் மூவரில் ஒருவர் அளவுக்குச் சோர்வு நீங்கியது. பின்னவருள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலார் தாம் பெற்று வந்த மருத்துவத்தை விடவில்லை. சிறிய ஆய்வு அது. அதனை வைத்துப் பறையறைய யான் முற்படவில்லை. ஆயினும் மருத்துவத்தோடு இலையையும் பார்க்கத் தகும் என்னும் அளவுக்கு அது போதும்.

இத்திருக்கோயிலின் அன்னதானக் கூடத்துக்கு நன்கொடை அளித்த செல்வர்களிடம் ஒரு விண்ணப்பம். பட்டியலை நேற்றிரவு பார்த்தேன். அரிசி நிறைய எழுதியிருக்கின்றீர்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லமும் நெய்யும் முந்திரியும் குறைவின்றி உள்ளன. துவரம்பருப்பு அரிசிக்கு ஈடாக இல்லை. சாம்பார் மிகத் தெளிவாக இருக்கும் என்று அஞ்சுகின்றேன். தயிருக்கு எவரும் கட்டளை எழுதவில்லை. தைப்பூசத்துக்கு ஒருவர், சிவராத்திரிக்கு ஒருவர் என்று அபிடேகப் பாலுக்குக் கட்டளைகள் உள்ளன, மிக நன்று. அபிடேகப் பால் குறைய வேண்டும் என்று யான் கனவிலும் சொல்லேன். அதற்கு அளிக்கும் ஒவ்வொரு படிக்கும் மறுபடி ஒன்று, தோட்டத்துக்குச் செல்லும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்காகவும், சூல் கொண்ட மகளிர்க்காகவும் எழுதி வையுங்கள். நாள்தோறும் அன்னதானத்தில் ஒரு கெட்டிப் பருப்பு, ஒரு கீரை, ஓர் எலுமிச்சைத் துண்டு, கடைசியில் நீர்க்காத தயிர். தேநீர்ப் பாத்திரத்தைப் பந்தி முடிந்து ஒரு மணி நேரம் சென்றபின் திறக்கலாம். இதற்கு ஆகும் கூடுதற் செலவை மடைப்பள்ளித் தலைவர் நேற்றே கணக்கிட்டு என்னிடம் தந்துள்ளார், அத்தாள் இதோ. குழுச் செயலரிடம் ஒப்படைக்கின்றேன்.

அவர் தாளைப் பெற்றுக்கொண்டதைக் கண்டீர்கள். ஒரு பெரியவர் அங்கே எழுந்து கைகாட்டுகின்றார். ஓராண்டுத் தயிர்க் கட்டளை தம்முடையது என்கின்றார். வாழ்க! பெயரை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இன்னும் பதினோர் ஆண்டுக்கு இடமுண்டு என்று செயலர் சொல்லுகின்றார். இலை போட்டாயிற்று என்று மடைப்பள்ளியிலிருந்து ஆள் வந்துள்ளது. எல்லோரும் எழுந்தருளலாம், யான் பந்தியில் உங்களோடு அமர்வேன், தயிர் வரும்வரை.